அக்கா பார்க்கப் போன தோட்டம்

செடியில் மல்லிகை மலர்ந்து நிற்பதைப் பார்த்தால் இன்றும் என் கை தன்னால் நீளும். பழக்க தோஷம்தான். பூவிருந்தவல்லியில் எங்களுக்கு மல்லித் தோட்டம் இருந்தது. வெயில் ஏறுவதற்குள் மொட்டாகவே பறித்தால்தான் பட்டணத்தில் விலைபோகும். ஒரு மொட்டு எங்கள் கண்ணுக்குத் தப்பி, செடியிலேயே விரிந்துவிட்டால் அக்காவுக்கும் எனக்கும் அம்மாவிடம் அர்ச்சனை உறுதி. விரிந்த பூவை நாங்கள் அழகாகப் பார்த்ததே இல்லை. அது எங்கள் கவனக்குறைவு.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. அக்காவுக்கு ஒரே சமயத்தில் இரண்டு வரன்கள் வந்தன. ஒருவர் நெமிலிச்சேரியில் மல்லித் தோட்டம் வைத்திருந்தவர். இன்னொருவர் பட்டணத்தில், பெரிய தேவாலயத்தை ஒட்டிய பூங்காவில் தோட்டவேலை பார்ப்பவர். எங்கள் அப்பாவுக்கு, அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம், நெமிலிச்சேரிதான் பிடித்திருந்தது. சொந்தமாக மண் இல்லாதவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்பார். உறவுக்காரர்களின் நச்சரிப்புக்காக மட்டும் ஒருநாள் இருட்டோடு பட்டணத்துக்கு வண்டி கட்டினார். தேவாலயக் கோபுரம் பார்க்கும் சாக்கில் நாங்கள் இருவரும் ஏறிக்கொண்டோம்.

பூங்காவில் எல்லாமே நூல் பிடித்ததுபோல் இருந்தது. செடிகளைச் சுவர்போலக் கத்தரித்திருந்தார்கள். புல்லுக்குக்கூட முடி வெட்டியிருந்தார்கள். மாட்டுக்குப் போடாத புல் எதற்கு என்று நைனா முணுமுணுத்தார். மாப்பிள்ளை முன்னால் நடந்து, ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். ஒரு திருப்பத்தில் அக்கா நின்றுவிட்டாள். வட்டப் பாத்தி முழுக்க மல்லிகை, அத்தனையும் விரிந்து கிடந்தது.

அக்காவுக்குப் பதறிவிட்டது. பறிக்கிறவர்கள் யாரும் வரவில்லையா என்று அவரிடமே கேட்டுவிட்டாள்.

"பறிக்கறதில்லீங்க," என்றார் அவர். "பாக்கறதுக்குத்தான் வெச்சிகீறோம்."

நைனா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. வெகுநேரம் அந்தப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பயமாகக்கூட இருந்தது.

திரும்பும் வழியில் வண்டியிலேயே, தனக்கு இந்த இடம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அந்தக் காலத்தில் பெண் அப்படிச் சொல்வது லேசான காரியமில்லை. அவனிடம் நிலம் இல்லையே என்றார் நைனா.

"நம்மகிட்ட நெலம் கீது நைனா. அதுல ஒரு பூ விரிஞ்சி, நிம்மதியா நான் பாத்துகீறனா?"

நைனா மாட்டை அதட்டினார். காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் கூடையோடு தோட்டத்தில் இறங்கியபோது எங்களுக்கு முன்பே நைனா வரப்பில் நின்றிருந்தார். "அந்தக் கடைசி வரிசைல கை வெக்காதீங்க. விரியட்டும்," என்றார். அக்கா கூடையைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். நைனாவின் சம்மதம் அதுதான் என்று எனக்கும் புரிந்தது.

அன்று பொழுது சாயும்போது அந்த வரிசை மலர்ந்தது. அக்கா ஆசை தீரப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து மல்லி பயிரிட்ட நைனாதான், இருட்டிய பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.