கிட்டாரும் எர்த் பின்னும்

என் மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம், ஓசூரில் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு பையனிடமிருந்து பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கினோம். கூடவே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் பெட்டி. மாரண்டஹள்ளி பஸ்ஸில் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். கண்டக்டர், "என்னாக்கா, கச்சேரியா? எங்களுக்கும் சொல்லுங்க" என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

மலிவான கிட்டார் எவ்வளவு படுத்தும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கம்பிகள் துருப்பிடித்திருந்தன. பலகையை விட்டு உயரத்தில் நின்றதால், அழுத்தி அழுத்தி அவள் விரல் நுனிகள் கன்றிப்போயின. பலகையில் பதித்த உலோகப் பட்டைகளின் ஓரம் உள்ளங்கையைக் கீறியது. அவள் பொறுத்துக்கொண்டாள். என்னால் முடியவில்லை. கம்பிகளை மாற்றினேன். வீடியோ பார்த்து, அடிப்பக்கத்துத் திருகுகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக் கம்பிகளை இறக்கினேன். பட்டைகளின் முனைகளை நகம் தேய்க்கும் அரத்தால் ஒவ்வொன்றாக மழுக்கினேன். ஒரு வாரம் ஆனது. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு இருபது வருடமாகத் தக்காளி மண்டியில் கணவருக்கு ரசீது எழுதுகிறவளுக்கு அது பெரிய சந்தோஷம்.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. பெட்டியைப் போட்டதும் 'ஊம்' என்று ஓர் இரைச்சல். "மண்டைக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கும்மா" என்பாள். எர்த் வழியாகவும் இரைச்சல் வரும் என்று எங்கோ படித்தேன். எங்கள் வீட்டு மிக்சியின் பிளக்கில் மூன்றாவது பின் எப்போதோ போய்விட்டது, இரண்டு துளை உள்ள பிளக் பாயிண்டில் செருகுவதற்காக. இங்கே பாதி வீடுகளில் அப்படித்தான். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அவள் கல்லூரிக்குப் போயிருந்த ஒரு காலையில், ஆக்சா பிளேடால் ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை அறுத்தேன்.

இரைச்சல் அடங்கிவிட்டது.

"எப்பிடிம்மா பண்ணே?"

"உள்ள தூசி. தொடச்சேன்" என்றேன். அறுத்தேன் என்று சொல்வதைவிட அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்து பெட்டியைப் போட்டுவிட்டுக் கிட்டாரை எடுத்தாள். அவளிடமிருந்து வந்தது அலறல் இல்லை. தொண்டையில் எதையோ விழுங்குகிற மாதிரி ஒரு சத்தம். இடது கை கம்பிகளோடு சேர்ந்து மூடிக்கொண்டது. திறக்கவில்லை. நான் பிளக்கைப் பிடுங்கினேன். அவள் தரையில் விழுந்தாள். பாலக்கோட்டில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். நான்கு விரல்களில் கம்பி பதிந்த இடம் வெந்து வெளுத்திருந்தது.

திரும்பும் வழியெல்லாம் அவள் சொன்னது ஒன்றுதான். "ஈரக்காலோட தொட்டுட்டேன். என் தப்புதாம்மா."

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி வந்தேன்.

கணவர் பயத்தில் கத்தினார். "அந்தச் சனியன் இனி வூட்ல இருக்கக் கூடாது. நாளைக்கே வித்துடு." அவள் கிட்டாரை உறையில் போட்டாள். தன் கவனக்குறைவுக்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டாள். நான் சும்மா இருந்தால் எல்லாம் அதோடு முடிந்துவிடும். இரண்டு நாள் சும்மாதான் இருந்தேன். அவள் வெந்த இடது கை விரல்கள் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் எங்கள் கிணற்று மோட்டாரைப் பார்க்கும் ஒயர்மேனை வரச்சொல்லி, எல்லோர் முன்பும் பிளக்கை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இத யாருங்க அறுத்தது?"

"நான்தான்."

பெட்டியைக் கழற்றினார். உள்ளே கரண்ட் ஒயரின் தோல் தேய்ந்து தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிட்டார் கம்பிகள் கேபிள் வழியாக அந்தத் தகட்டோடுதான் சேருகின்றன. "இந்தப் பின்னு இருந்திருந்தா ஃபியூஸ் போயிருக்கும், அவ்ளோதான். படிச்சவங்க பண்ற வேலையாக்கா இது?" என்றார். கணவர் எழுந்து வெளியே போனார். மகள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தூசின்னு சொன்னியே."

"பொய் சொன்னேன். உன் மேல தப்பே இல்ல."

அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. அது எனக்கு வரவேண்டியதுதான். மறுநாள் உறையைப் பிரித்தாள். விற்பதைப் பற்றிக் கணவரும் பிறகு பேசவில்லை.

அவள் விரல்கள் ஆறிய பிறகு ஒயர்மேன் மறுபடி வந்து உள் ஒயரை மாற்றி, புது பிளக் போட்டு, வீட்டு எர்த் குழியையும் தோண்டி உப்பும் கரியும் போட்டு நிரப்பினார். பெட்டியைப் போட்டு, கம்பிகளில் டெஸ்டர் வைத்துக் காட்டினார். விளக்கு எரியவில்லை. அப்படியும் நான் முதலில் தொடுகிறேன் என்றேன்.

"வேணாம்மா. அதான் டெஸ்டர் வெச்சாச்சே" என்றாள் மகள்.

வெறுங்காலோடு நின்று ஆறு கம்பிகளின் மேலும் உள்ளங்கையை வைத்தேன். ஒன்றும் இல்லை. குளிர்ந்த கம்பி, அவ்வளவுதான். அவள் கிட்டாரை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். என் கையும் கூடவே போனது.

"கைய எடும்மா. நான் எப்பிடி வாசிக்கிறது?"

எடுக்கத்தான் நினைத்தேன். அவள் தழும்பு விரல்களால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, வாசிக்க ஆரம்பித்தாள்.