பொருள் மிச்சம்

“உங்கள் மகனின் பொருள் மிச்சம் விமானத்தில் அனுப்பப்படும். பெற்றுக்கொள்பவர் பெயரைத் தெரிவிக்கவும்.” டச்சு மொழியில் வந்த மின்னஞ்சலை, கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, போடியில் மாமாவின் கைப்பேசி இப்படித்தான் தமிழாக்கியது. ராட்டர்டாமில் கிடங்கு வேலைக்குப் போன மகனிடம் மாமா ஏலக்காய் சாம்பிள் கொடுத்துவிட்டிருந்தார். ஆயுள் முழுதும் ஏலக்காய் விற்றவருக்கு மிச்சம் என்றால் போகாத சரக்குதான்.

நான் போனபோது கிட்டங்கியில் மூட்டைகளை நகர்த்தி இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க மாப்ள. ஒங்க மச்சினன் யாவாரம் பாத்த லெச்சணத்தப் பாருங்க. கொண்டுபோனத அப்படியே திருப்பி அனுப்புறான்.”

“புள்ள ஒரு வாரமா போன் எடுக்கல. கேட்டா இவுக சிரிக்கிறாக” என்றார் அத்தை.

மூல வரியை வாங்கி, அகராதியில் பார்த்தேன். ஸ்டோஃபெலக்: சடப்பொருளாலான. ஓவர்ஸ்கொட்: எஞ்சியது. தனியாக நின்றால் பின்னது சரக்குக்கும் கணக்குக்கும் பொருந்தும். இரண்டும் சேர்ந்துவிட்டால் இறந்தவரின் உடல். அந்நாட்டார் வீட்டுப் பேச்சில் அதைச் சொல்வது அரிது; காவல்துறை அறிக்கையிலும் இரங்கல் அறிவிப்பிலும் வரும் மரியாதைச் சொல். நம் அஞ்சலிச் சுவரொட்டியில் ‘பூதவுடல்’ என்று போடுகிறோமே, அதுபோல. நம் சொல்லிலும் ஐம்பூதம் என்ற சடப்பொருள் இருக்கிறது. மிச்சம் இல்லை.

அத்தை உள்ளே போகும்வரை காத்திருந்து சொன்னேன். மாமா மூட்டையைப் பிடித்தபடியே நின்றார்.

“அப்ப மெஷின் தப்பாச் சொல்லிருச்சா?”

“வார்த்தைக்கு வார்த்தை சரிதான் மாமா.”

“சரின்னா சரக்குதான மாப்ள.”

மாலைக்குள் ராட்டர்டாமிலிருந்து தொலைபேசியிலும் மரணத்தை உறுதிசெய்தார்கள். பெட்டி வந்தது, போடியிலேயே எரித்தோம். கொள்ளி வைத்தவர் மாமாதான்.

அதன்பிறகும், பார்க்கும்போதெல்லாம், அத்தை காதில் விழாமல் கேட்கிறார்: “வேற அர்த்தம் எதும் அம்புட்டுச்சா மாப்ள?”

என்னிடமுள்ள அகராதிகளில் இல்லை. பழைய டச்சு வணிகர்கள் எவரேனும், எங்கேனும் ஒரு கடிதத்தில், அந்த இரு சொற்களையும் சேர்த்து விற்காத சரக்குக்கு எழுதியதுண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். உண்டென்றோ இல்லையென்றோ இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.