வளைவு திரும்பினால் வாய் ஊறும்

வெற்றிலை பாக்குக் கடைக்காரனுக்கு ஊரில் யார் யார் எதற்கு அடிமை என்பது அத்துப்படி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், போடிக்குப் பக்கத்தில் குரங்கணி மலை அடிவாரத்தில் எனக்கு அப்படி ஒரு கடை. காப்பியோ மூக்குப்பொடியோ புகையிலையோ, ஏதாவது ஒன்றிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்தானே நீங்களும்? அப்போ நான் சொல்வது விளங்கும்.

எது ருசி?

மாயாண்டி, மலைமேல் எஸ்டேட்டிலிருந்து ஏலக்காய் மூட்டை சுமந்து இறங்குகிறவர். கடைக்கு வந்ததும் மூட்டையை இறக்குவார். நான் பாக்கு வெட்டி, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, புகையிலை கிள்ளி நீட்டுவேன். அவ்வளவு ஆசையாக வாங்குகிற மனுஷன், வாயில் அடக்கிய மறு நிமிஷம் எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சரக்கில் குறையோ என்று எனக்குச் சுருக்கென்றது. கேட்டேவிட்டேன்.

"சரக்கெல்லாம் நல்லாத்தேன் இருக்குண்ணே. மேல வளைவு திரும்புறப்ப ஒங்க கடைக் கூரை தெரியும் பாருங்க, அப்ப ஊறுற ருசி வாயில போட்ட பெறகு இல்ல."

கன்னத்துப் புண்

மாயாண்டிக்குக் கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு புண் வந்தது. புகையிலையை விடாவிட்டால் கன்னத்தையே அறுக்க வேண்டி வரும் என்று போடி டாக்டர் சொல்லிவிட்டாராம். மாயாண்டியின் சம்சாரம் பேச்சி நேரே என்னிடம் வந்து, புருஷன் என் காலிலேயே விழுந்து கேட்டாலும் புகையிலை கொடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிப்போனாள்.

மறுநாள் மாயாண்டி மோர் மட்டும் கேட்டார். கொடுத்துவிட்டு இன்னொருவருக்குப் பாக்கு வெட்டினேன். பாக்குவெட்டிச் சத்தம் கேட்டதும் அவர் மோரைப் பாதியில் கீழே வைத்தார். ஒரே ஒரு கிள்ளு என்று கெஞ்சினார். ஆனாலும் கொடுக்கவில்லை.

"எனக்கு வேணாம்ணே, சத்தியமா வேணாம். இந்தப் பாழாப்போன வாய்தேன் கேக்குது."

சுற்றுப்பாதை

அப்புறம் ஆளையே காணோம். புண் முற்றிவிட்டதோ என்று பயந்து பேச்சியிடம் விசாரித்தேன். மூட்டையோடு ஓடைப் பக்கமாகச் சுற்றிப் போகிறாராம், ஒரு மைல் கூடுதலாக. நான்தான் கொடுப்பதில்லையே, பிறகென்ன என்று எனக்குக் கோபம் வந்தது.

சில மாசம் கழித்துப் போடி சந்தையில் எதிரே வந்தார். வாயைத் திறந்து காட்டினார், புண் ஆறியிருந்தது. சந்தோஷம் தாங்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அங்கே கடையும் இல்லை, பாக்குவெட்டியும் இல்லை. அப்படியும் எச்சில் விழுங்கி விழுங்கித்தான் பேசினார். மெல்லக் கையை உருவிக்கொண்டார்.

"கோவிச்சுக்கிறாதீகண்ணே. ஒங்க மூஞ்சியப் பாத்தாலே ஊறுது. இனி எங்க கண்டாலும் கூப்பிடாதீக."

அதற்குப் பிறகு அவரைத் தூரத்தில் கண்டாலே நான் பக்கத்துச் சந்துக்குள் ஒதுங்கிக்கொண்டேன். இத்தனை வருஷ வியாபாரத்தில் ஒரு வாடிக்கைக்காரருக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.