மேலும் கீழும்

மலைக்குப் போகும் நவம்பர் பஸ்ஸில் ருமியானா ஒருத்திதான். மடியில் ஒரு பாட்டில்: சிவப்புக் குடமிளகாயைச் சுட்டு அரைத்த துவையல்.

"அக்கா, பனிச்சறுக்கு சீசனுக்கு இன்னும் நாள் கிடக்கு. மேலே ஈ காக்கா இருக்காதே!" என்றான் டிரைவர்.

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டுப்பா" என்றாள். ஒரு ஆம்பளையிடம் நியாயம் கேட்கப் போகிறேன் என்று சொல்லவா முடியும்?

குளிர்காலம் தோறும் மேலே ஓட்டலில் ஆம்லெட் போடுவது அவள் வேலை. மற்ற நாளெல்லாம் கீழே ஊரில், புருஷன் போன வீட்டில், ரேடியோ ஒன்றுதான் பேச்சுத்துணை. லோசான் அங்கே ஆட்களைக் கம்பியில் தொங்கவிட்டு மலையேற்றும் நாற்காலிகளை ஓட்டும் மெக்கானிக், அவனும் தனிக்கட்டை. ஏப்ரலில் சீசன் முடிந்த அன்று, மோட்டார் காதைப் பிளக்க, "போகாதே, இங்கேயே என்கூட இருந்துடுறியா?" என்று கத்திக் கேட்டான். அவள் தலையாட்டினாள். அதற்குள் பஸ் ஹாரன் அடித்தது, ஏற்றி வைத்த சாமானை இறக்க ஓடினாள். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். அதே பஸ்ஸில் கீழே இறங்கிவிட்டாள். அப்புறம் கோடை முழுக்க ஒரு போன் இல்லை. கேட்டவன் அவன், அவனே வரட்டும் என்று இவளுக்கும் வீம்பு. வீம்பு என்ன, ராத்திரி பேச்சுத்துணைக்கு வருமா?

மேலே கடைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. முதல் பனியில் அவள் காலடி மட்டும்தான். நாற்காலிகள் கம்பியில் அசையாமல் தொங்கின. இப்படியொரு அனாதை ஊரிலா இருக்க ஆசைப்பட்டோம் என்று நினைத்தாள். ஆமாம், அவனோடு என்றால் இங்கேதான்.

கைக்கிரீசைத் துடைத்துக்கொண்டே லோசான் வீட்டுக்கு வெளியே வந்தான். "ருமியானா! நீயா?"

"ஏன் வரலை?"

அவன் துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஏப்ரல்ல என்கிட்ட ஒண்ணு கேட்டியே!"

"நீதான் வேணாம்னுட்டியே."

"நானா? எப்ப?"

"இதே இடத்துல. இப்படி." தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினான்.

ருமியானாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பல்கேரியாவில் மேலும் கீழும் ஆட்டினால் 'இல்லை', பக்கவாட்டில் ஆட்டினால்தான் 'ஆமாம்'. தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வெளிநாட்டு விருந்தாளிக்கு எல்லாமே தலைகீழ். முட்டை உண்டா என்பான், உண்டு என்று இவள் பக்கவாட்டில் ஆட்டுவாள், வெறும் தட்டோடு போய்விடுவான். மேனேஜர் திட்டித் திட்டி அவர்கள் மாதிரி ஆட்டப் பழக்கிவிட்டார். பழக்கதோஷம்! அதைப் போயும் போயும் இவனிடமா காட்டினாள், பாவி மகள்!

விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். கதவு திறந்தது. ஓட்டலில் துணி வெளுக்கும் நெவெனா, லோசானின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு.

"லோசான், பீன்ஸ் சூப் ஆறுது... ஐயோ, ருமியானா அக்காவா! வாங்க, வாங்க. அடுத்த மாசம் எங்க கல்யாணம், உங்களைக் கூப்பிடணும்னுதான் பேசிட்டிருந்தோம்" என்று சொல்லி, இன்னொரு தட்டு வைக்க உள்ளே ஓடினாள். நல்ல பொண்ணு. அதுதான் கொடுமை.

லோசான் மக்கு இல்லை. குரலைத் தாழ்த்தினான். "அன்னைக்கு நீ... சரின்னா சொன்னே?"

ஆமாண்டா என்று அந்த மலையே அதிரக் கத்த வேண்டும் போலிருந்தது. ஜன்னல் வழியே நெவெனா ரொட்டி அறுப்பது தெரிந்தது. ருமியானா நிதானமாகத் தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

லோசான் அவளையே பார்த்தான். "இது எந்த ஊர் தலையாட்டல்?"

"நம்ம ஊர்துதான்" என்று பாட்டிலை அவன் கையில் திணித்தாள். "ரொட்டிக்குத் தொட்டுக்கங்க. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ்ஸுக்கு நேரம் நிறையவே இருந்தது. நிறுத்தத்தில் ஒரு தெருநாயோடு குளிரில் உட்கார்ந்து அழுதாள். யார் பார்க்கப் போகிறார்கள்?

சாயங்காலம் அதே டிரைவர். "வந்த காரியம் முடிஞ்சுதா அக்கா?"

அவள் தலையை ஆட்டவில்லை. வாயைத் திறந்து, "முடிஞ்சுதுப்பா" என்றாள்.