வாளிக்குள் ஒரு சிவப்புச் சேலை

தனியாக இருப்பவளுக்குத் துணி துவைப்பதெல்லாம் ஒரு வேலையா? இரவு ஒரு வாளியில் சோப்புத்தூள் போட்டு ஊறவைப்பேன். காலையில் அலசிக் காயப்போடுவேன். ஆனையூரில் எங்கள் மொட்டைமாடியில் இருக்கும் அந்த வாளிக்குள், பக்கத்துப் போர்ஷன் அக்கா தன் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைகளையும் தினமும் முக்கிவிடுவார். காலர் அழுக்கெல்லாம் என் சுடிதாரில் ஒட்டும்.

கேட்டதற்கு, "நொரை இம்புட்டும் வீணாத்தானே போகுது?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் சுட்டது. கொளுத்தும் வெயிலில் கடைவீதிக்குப் போனேன். "இது சாயம் போகும்மா, வேணாம்" என்று கடைக்காரர் ஒதுக்கிய சிவப்புச் சுங்குடிச் சேலையையே வாங்கிவந்து, அன்றிரவு வாளிக்குள் என் சுடிதார்களுக்கு அடியில் போட்டேன்.

காலையில் அக்கா அலறினார். "அய்யய்யோ, அம்புட்டுச் சட்டையும் ரோஸாப் போச்சே!"

"புதுச் சேலைக்கா, சாயம் போகும்னு யாருக்குத் தெரியும்?"

என் சுடிதார்களும் ரோஸாகிவிட்டன. போடும்போதெல்லாம் வயிறு குளிர்கிறது. துவைக்கச் சோம்பல்படும் எனக்கு, பழிவாங்க மட்டும் எங்கிருந்துதான் அவ்வளவு சுறுசுறுப்பு வந்ததோ!