மீன் ஐஸும் முப்பத்தாறு படங்களும்

எங்கள் அப்பாவுக்கு எதையும் தன் கையால் செய்தால்தான் திருத்தமாக வரும் என்றோர் எண்ணம். அப்படித் திருத்தமாக வந்த ஒன்றை நாங்கள் கண்டதில்லை. அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போவது முடிவானபோது, எங்கிருந்தோ ஒரு பழைய கெமராவும் கறுப்பு வெள்ளை பிலிம் ரோலும் கொண்டுவந்தார். பிலிமை வீட்டிலேயே கழுவுவதற்கு மருந்துகளும் ஒரு சிறு புத்தகமும் கூடவே வந்தன. எனக்கு ஒன்பது வயது.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்க, அம்மாவைக் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் நிறுத்தி எடுத்துத் தள்ளினார். கடைசிப் படம் வாவிக்கரையில். அப்பா கெமராவைத் திருகித் திருகிச் சரிபார்ப்பதற்குள் நிற்கிறவருக்குக் கால் மரத்துவிடும். அம்மா மெல்லக் கேட்டார்.

“இஞ்ச பாருங்க, நான் கட்டாயம் போகத்தான் வேணுமா?”

“அசையாம நில்லு புள்ள. வெளிச்சம் போகுது.”

அம்மா வாயைத் திறந்து படத்தைக் கெடுக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் பிலிம் கழுவல். மருந்து குளிர்ச்சியாக இருக்க வேண்டுமாம். தொட்டித் தண்ணீரோ கை வைக்க முடியாமல் சுட்டது. மீன் விற்கும் இடத்தில் ஐஸ் வாங்கிவர என்னை அனுப்பினார். அங்கே பெரிய திருக்கை ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். வீட்டுக்கு வரும்போது பாதி ஐஸ் வழியெல்லாம் ஒழுகியிருந்தது.

அப்பா பொறுக்கமாட்டாமல் சுடு மருந்தையே பிலிமுக்கு ஊற்றியிருந்தார். என்னைக் கண்ட கோபத்தில், மிச்ச ஐஸ் முழுவதையும் அலசும் தண்ணீரில் கொட்டி அதையும் ஊற்றினார். எல்லாம் முடிந்து பிலிமை வெளிச்சத்தில் பிடித்தால், கோடையில் வட்டை வயல் வெடிப்பதுபோல் முப்பத்தாறு படங்களிலும் அம்மாவின் முகம் வெடித்துக் கிடந்தது. எனக்குக் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

“என்ட முகத்துக்காகவா புள்ளைய அடிக்கிறீங்க?” என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டார். அடுத்த நாள் விடியவே போய்விட்டார்.

“இவள் சுணங்கினதாலதான் தாயிட படம் ஒண்டும் இல்லாமப் போச்சு” என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நானும் அதை நம்பினேன்.

இரண்டு வருடம் என்று போன அம்மா ஒன்பது வருடம் கழித்துத்தான் வந்தார். இப்போதும் ஒரே வீட்டில், அப்பாவோடு தேவைக்கு மட்டும் பேசுகிறார். போன மாதம் அலுமாரியில் அந்தப் புத்தகம் அகப்பட்டது. சூட்டிலிருந்து சட்டென்று குளிருக்கு மாற்றினால் பிலிம் வெடிக்கும் என்று அதில் இருந்தது. அந்த வரியின் கீழே அப்பாவே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

அந்தப் பொய்யை மன்னித்துவிடலாம். அசையாதே, அங்கேயே நில் என்று முப்பத்தாறு தடவை சொன்ன மனிதர், போகாதே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அம்மா அவ்வளவு நேரம் அசையாமல் நின்றார் என்பது, பக்கத்தில் நின்று எரிச்சல்பட்ட எனக்கு அன்று விளங்கவில்லை.