கதவை மூடினானா?

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அறிவியல் கதை என்றாலே பெரிய படிப்பு படித்தவர்கள் சமாச்சாரம் என்று ஐம்பது வயது தாண்டும்வரை ஒதுங்கியே இருந்தேன். கப்பலூரில் பிளாஸ்டிக் கம்பெனி வேலை. போகவர பஸ்ஸில் படிக்க, பழைய புத்தகக் கடையில் ஒரு நாவல் எடுத்தேன். அட்டையில் ராக்கெட் இருந்தது. தடிமனாக இருக்கிறதே, ஒரு மாதம் ஓடும் என்றுதான் எடுத்தேன்.

கதையில் ஒருவன் விண்கலத்தில் தனியாகப் போகிறான். பாதி வழியில் சந்தேகம்: பின்பக்கக் கதவைச் சரியாக மூடினோமா? எனக்குச் சுருக்கென்றது. கேஸை மூடினேனா என்று பழங்காநத்தம் பஸ் ஸ்டாப்பிலிருந்து தினமும் வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவன் நான். அவன் எழுந்து நடக்கிறான், கைப்பிடியைத் தொடப்போகிறான். பக்கத்தைத் திருப்பினால் மறுபடி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறான். மறுபடி அதே சந்தேகம், அதே நடை. ஓர் எழுத்து மாறவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. என் மண்டைக்குள் ஓடுவதை இதைவிட எப்படி எழுத முடியும்? இத்தனை வருஷம் இந்தக் கதைகளைத் தொடாமல் விட்டோமே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். வாங்கிப் புரட்டியவள் சிரித்துவிட்டாள்.

"பக்க நம்பரப் பாருங்க. தொண்ணூத்தேழுலருந்து நூத்திப் பன்னெண்டு வரைக்கும் ரெண்டு வாட்டி வச்சுத் தச்சிருக்கான். அடுத்த பதினாறு பக்கத்தக் காணோம். இதுக்கா இம்புட்டுப் பீத்துனீக?"

நூற்று இருபத்தொன்பதாம் பக்கத்தில் அவன் வேறொரு கிரகத்தில் இறங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். கதவைப் பற்றிப் பேச்சே இல்லை. மூடித்தான் இருந்ததா? திறந்து கிடந்தும் பிழைத்தானா? புத்தகக் கடைக்காரரிடம் போய் நின்றேன்.

"வேற காப்பி இல்லண்ணே. அதான் உசுரோட எறங்கிட்டான்ல, பெறகென்ன?"

பெறகென்னவா! பதிப்பாளர் நம்பருக்கு அடித்தால் உபயோகத்தில் இல்லையாம்.

அதன்பிறகு இன்னும் மூன்று அறிவியல் நாவல்கள் வாங்கிவிட்டேன். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் எண் சரியாக வருகிறதா என்று பார்ப்பதிலேயே பாதிக் கதை கைநழுவிவிடுகிறது. ஏதாவது திரும்ப வந்தால், எழுதியவர் வேண்டுமென்று செய்தாரா, தைத்தவர் தப்பா என்று அதுவேறு கவலை.

நேற்றும் பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடினேன். மனைவி வாசலிலேயே மறித்து நின்றாள்.

"கேஸ நான் பாத்துட்டேன், மூடித்தான் இருக்கு. அந்தப் பய கதவத்தான் என்னால போய்ப் பாக்க முடியாது. போங்க, பஸ்ஸு போயிரும்."